6 வோல்ட் டிராக்டரை 12 வோல்ட்டுக்கு மாற்றும்போது இக்னிஷன் பாகங்களைத் தேர்ந்தெடுக்கும் முறை

1940களிலும் 50களின் தொடக்கத்திலும் வந்த பெட்ரோல் டிராக்டர்களில் பல, 6 வோல்ட் பேட்டரி, டைனமோ, பாசிட்டிவ் எர்த் (பேட்டரியின் பிளஸ் முனை வண்டியின் உடலோடு இணைந்திருப்பது) என்ற அமைப்போடு வெளிவந்தவை. ஃபோர்டின் 9என், 2என், 8என் மாடல்களும் ஃபார்மால் வரிசையின் பல வண்டிகளும் இதற்கு நல்ல உதாரணங்கள். இன்று அவற்றை வாங்கிச் சீர்செய்பவர்கள் முதலில் நினைப்பது 12 வோல்ட்டுக்கு மாற்றுவதைத்தான். பேட்டரியும் ஆல்டர்னேட்டரும் எளிதாகக் கிடைக்கின்றன, அவற்றைப் பொருத்துவதிலும் பெரிய சிக்கல் இல்லை. சிக்கல் வருவது தீப்பொறி கொடுக்கும் இக்னிஷனின் சிறிய பாகங்களில்தான்: தீப்பொறிக்கான உயர் அழுத்தத்தை உண்டாக்கும் காயில், மின்னோட்டத்தைக் குறைக்கும் ரெசிஸ்டர், காயிலின் மின்சாரத்தைத் திறந்து மூடும் பாயிண்ட், பாயிண்டைக் கருகாமல் காக்கும் கண்டன்சர். “12 வோல்ட்” என்று அச்சிட்ட காயில் ஒன்றை வாங்கி மாட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று நம்பி, சில வாரங்களில் பாயிண்ட் கருகிப்போய் நிற்பவர்கள் அதிகம்.

மாற்றத்தான் வேண்டுமா என்பதையும் ஒருமுறை யோசித்துக்கொள்ளுங்கள். 6 வோல்ட்டில் வண்டி மந்தமாகச் சுற்றுவதற்குப் பெரும்பாலும் வோல்ட் காரணமல்ல. மெலிந்த பேட்டரி கேபிளும் துருப்பிடித்த எர்த் இணைப்பும்தான் காரணம். அதே வேலையைச் செய்ய 6 வோல்ட்டுக்கு இரண்டு மடங்கு மின்னோட்டம் தேவைப்படுவதால், கார்களுக்கான ஒல்லியான 12 வோல்ட் கேபிளை மாட்டிய வண்டி முக்கத்தான் செய்யும். கனமான கேபிளைப் போட்டு, எர்த் பட்டை உட்காரும் இடத்தைப் பெயிண்ட் இல்லாமல் சுரண்டிவிட்டால் பல வண்டிகள் 6 வோல்ட்டிலேயே நன்றாகக் கிளம்பிவிடும். விளக்குகளுக்காகவோ, கூடுதல் கருவிகளுக்காகவோ, 6 வோல்ட் பேட்டரி கிடைக்காததாலோ மாற்றத்தான் போகிறீர்கள் என்றால் மேலே படியுங்கள்.

முதல் படி: வண்டியில் இருப்பது என்ன அமைப்பு?

பாகம் வாங்குவதற்கு முன்னால் எஞ்சினில் இருப்பது மேக்னெட்டோவா (தீப்பொறிக்கான மின்சாரத்தைக் காந்தத்தால் தானே உண்டாக்கும் கருவி), பேட்டரியால் இயங்கும் டிஸ்ட்ரிபியூட்டரா (தீப்பொறியை ஒவ்வொரு பிளக்குக்கும் பகிரும் கருவி) என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும். ஃபார்மால் எச், எம் போன்ற மாடல்கள் இரண்டு விதமாகவும் வந்திருக்கின்றன. ஒரே மாடல் என்பதால் பக்கத்து வண்டியைப் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. மேக்னெட்டோவில் கேப் என்ற மேல்மூடியிலிருந்து பிளக்குகளுக்குப் போகும் தடித்த ஒயர்கள் மட்டும் இருக்கும், தனியாக உருளை வடிவக் காயில் இருக்காது. சாவியிலிருந்து வரும் ஒரே மெல்லிய ஒயர், எஞ்சினை நிறுத்துவதற்கானது. எஞ்சினைக் கையால் மெதுவாகச் சுற்றினால், இம்பல்ஸ் (கிளப்பும்போது மேக்னெட்டோவை வெடுக்கென்று சுற்றிவிடும் ஸ்பிரிங் அமைப்பு) உள்ள மேக்னெட்டோ குறிப்பிட்ட இடத்தில் “டக்” என்று ஓசை எழுப்பும். (சுற்றுவதற்கு முன் கியர் நியூட்ரலில் இருப்பதைப் பார்த்துவிட்டு, அந்த நிறுத்தும் ஒயரை எர்த்தில் தொட வைத்துவிடுங்கள், இல்லையென்றால் எஞ்சின் பற்றிக்கொண்டு கையை உதறிவிடும்.)

மேக்னெட்டோ தன் தீப்பொறிக்கான மின்சாரத்தைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. வண்டி 6 வோல்ட்டா 12 வோல்ட்டா என்பது அதற்குத் தெரியவே தெரியாது. ஆகவே மேக்னெட்டோ வண்டியில் இக்னிஷன் பாகம் எதையும் மாற்ற வேண்டியதில்லை. நிறுத்தும் ஒயரில் மட்டும் எந்தக் காரணத்தைக் கொண்டும் பேட்டரி மின்சாரம் ஏறிவிடக் கூடாது. ஏறினால் உள்ளே இருக்கும் காயிலும் காந்தமும் கெடும். டீசல் வண்டியில் தீப்பொறியே கிடையாது என்பதால் அதற்கும் இந்தக் கட்டுரையில் வேலை இல்லை. இனி வருவதெல்லாம் பாயிண்டும் காயிலும் உள்ள பேட்டரி இக்னிஷனுக்கு மட்டும் பொருந்தும்.

இரண்டாம் படி: காயிலின் ஓம் அளவு

மொத்தத் தேர்வும் ஒரே கேள்வியைச் சுற்றித்தான் நடக்கிறது: பாயிண்ட் மூடியிருக்கும்போது அதன் வழியாக எத்தனை ஆம்பியர் பாய்கிறது? பழைய பாயிண்டுகள் ஏறத்தாழ 4 முதல் 5 ஆம்பியர் வரை நீண்ட காலம் தாங்கும். அதைத் தாண்டினால் முகம் கருகும், வெகுவாகக் குறைந்தால் தீப்பொறி மெலியும். அந்த ஆம்பியரைத் தீர்மானிப்பது காயிலின் முதன்மைச் சுற்றின் (பேட்டரி மின்சாரம் பாயும் கம்பிச்சுருளின்) ஓம் அளவும், அதற்கு முன்னால் வரிசையில் நிற்கும் ரெசிஸ்டரின் ஓம் அளவும் சேர்ந்த கூட்டுத்தொகை. காயிலின் மேல் அச்சிட்டிருக்கும் வோல்ட் எண் வழிகாட்டி மட்டுமே; முடிவைச் சொல்வது மல்டிமீட்டர்.

கணக்கு எளிது. 6 வோல்ட் வண்டி சார்ஜ் ஏறும் நிலையில் சுமார் 7.2 வோல்ட்டில் ஓடும். 6 வோல்ட் காயில் பெரும்பாலும் 1.5 ஓம் அளவில் இருக்கும் என்பதால், 7.2ஐ 1.5ஆல் வகுத்தால் 4.8 ஆம்பியர். அதே காயிலை அப்படியே விட்டுவிட்டு 12 வோல்ட்டுக்கு மாற்றினால், ஆல்டர்னேட்டர் கொடுக்கும் 14 வோல்ட்டில் 9 ஆம்பியருக்கு மேல் பாயும். மின்னோட்டம் இரட்டிப்பாகும்போது வெப்பம் நான்கு மடங்காகிறது. காயில் கொதிக்கும், உள்ளே இருக்கும் காப்பு உருகும், பாயிண்ட் நீலம் பாரிக்கும். வண்டி உடனே நின்றுவிடாது என்பதுதான் இதில் ஏமாற்றும் விஷயம். முதல் நாள் தீப்பொறி அருமையாக, நீலமாக இருக்கும்.

தீர்வுக்கு மூன்று வழிகள் இருக்கின்றன.

முதலாவது, வெளி ரெசிஸ்டர் தேவைப்படாத முழு 12 வோல்ட் காயில். இதன் முதன்மைச் சுற்று 3 முதல் 3.5 ஓம் வரை இருக்கும். 14 வோல்ட்டில் சுமார் 4.4 ஆம்பியர் பாயும். புதியவர்களுக்கு நான் பரிந்துரைப்பது இதைத்தான், ஏனென்றால் இணைப்புகள் குறைவு, பின்னாளில் வேறொருவர் வண்டியைத் திறந்து பார்த்தாலும் குழம்ப மாட்டார்.

இரண்டாவது, 12 வோல்ட் என்று எழுதியிருந்தாலும் வெளி ரெசிஸ்டரோடு மட்டுமே பயன்படுத்த வேண்டிய காயில். இதன் அளவு 1.5 ஓம் அளவிலேயே இருக்கும், அதாவது மீட்டருக்கு இதுவும் 6 வோல்ட் காயிலும் ஒன்றுபோலவே தெரியும். கடையில் நடக்கும் குழப்பத்தில் பாதிக்கு மேல் இந்த இரண்டு 12 வோல்ட் வகையும் ஒரே மாதிரி டப்பாவில் வருவதால்தான். உடலில் சிறிய எழுத்தில் வெளி ரெசிஸ்டர் தேவை என்று எழுதியிருக்கும். எழுத்து அழிந்திருந்தால் மீட்டர் போட்டுப் பாருங்கள்.

மூன்றாவது, நல்ல நிலையில் இருக்கும் பழைய 6 வோல்ட் காயிலையே வைத்துக்கொண்டு, அதற்கு முன்னால் 1.5 ஓம் ரெசிஸ்டர் சேர்ப்பது. மொத்தம் 3 ஓம், ஏறத்தாழ 4.7 ஆம்பியர், காயிலுக்கு அது பழகிய 7 வோல்ட்டே கிடைக்கும். செலவு குறைவான, முறையான வழிதான். ஆனால் பாயிண்ட் மூடியிருக்கும் நேரமெல்லாம் அந்த ரெசிஸ்டர் 30 வாட்டுக்கு மேல் வெப்பத்தை வெளியேற்றும். எலெக்ட்ரானிக் சர்க்யூட்டுகளுக்கான சின்ன ரெசிஸ்டர் இதற்கு ஆகாது. பீங்கான் உடல் கொண்ட, வண்டிகளுக்கென்றே செய்த ரெசிஸ்டரை வாங்கி, காற்று படும் இடத்தில் இரும்புத் தகட்டின் மேல் பொருத்துங்கள். பெட்ரோல் தொட்டிக்கோ குழாய்க்கோ ஒயர்க் கட்டுக்கோ அருகில் வேண்டாம்.

செய்யவே கூடாதது ஒன்று உண்டு: 3.2 ஓம் காயிலுக்கு முன்னாலும் “பாதுகாப்புக்காக” 1.5 ஓம் ரெசிஸ்டரைப் போடுவது. ஓடும்போது 3 ஆம்பியர்தான் கிடைக்கும். ஸ்டார்ட்டர் சுற்றும் நேரத்தில் பேட்டரி 9 அல்லது 10 வோல்ட்டுக்கு இறங்கும் என்பதால் அப்போது 2 ஆம்பியர்தான் மிஞ்சும். குளிர்ந்த எஞ்சின் அதில் கிளம்புவது அரிது.

அளக்கும்போது

காயிலில் உள்ள மெல்லிய ஒயர்கள் இரண்டையும் கழற்றிவிடுங்கள். கழற்றாமல் அளந்தால் சுற்றில் இருக்கும் மற்றவையும் கணக்கில் சேர்ந்துகொள்ளும். மல்டிமீட்டரை மிகக் குறைந்த ஓம் அளவில் வைத்து, முதலில் அதன் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட வையுங்கள். சுழியம் வர வேண்டிய இடத்தில் 0.2 அல்லது 0.4 என்று காட்டும். அது மீட்டர் ஒயரின் அளவு. பிறகு காயிலின் இரண்டு சிறு முனைகளையும் தொட்டு, வரும் எண்ணிலிருந்து அதைக் கழித்துவிடுங்கள். 1.9 காட்டி, ஒயர் அளவு 0.4 என்றால் காயில் 1.5 ஓம். 1.5ஆ 1.9ஆ என்ற சிறு வித்தியாசம் இங்கே முக்கியம் என்பதால் இந்தக் கழித்தலைத் தவிர்க்கக் கூடாது. அடுத்து மீட்டரை அதிக ஓம் அளவுக்கு மாற்றி, ஒரு முனையை நடுவில் இருக்கும் உயர் அழுத்தத் துளைக்குள் வைத்து அளந்தால் பல ஆயிரம் ஓம் காட்ட வேண்டும். எதுவுமே காட்டவில்லை என்றால் உள்ளே கம்பி அறுந்திருக்கிறது, அந்தக் காயிலை வைத்துக் கணக்குப் போடுவதில் பயனில்லை.

ஃபோர்டு 8என் வைத்திருப்பவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. 1950க்கு முந்தைய 8என்களிலும், 9என், 2என் மாடல்களிலும் டிஸ்ட்ரிபியூட்டர் எஞ்சினின் முன்முகத்தில் இருக்கும், சதுரக் காயில் அதன் தலையிலேயே உட்கார்ந்திருக்கும். 1950இல் இது பக்கவாட்டு டிஸ்ட்ரிபியூட்டராகவும் தனி உருளைக் காயிலாகவும் மாறியது. முன்முக வகையில் 6 வோல்ட் காலத்திலேயே டேஷ்போர்டின் பின்னால் ஒரு ரெசிஸ்டர் இருந்தது. அதன் ஓம் அளவு குளிர்ந்திருக்கும்போது குறைவாகவும் சூடானதும் அதிகமாகவும் இருக்கும். புதிதாக ரெசிஸ்டர் சேர்ப்பவர்கள் இதை மறந்துவிட்டு, மொத்த ஓமைத் தப்பாகக் கணக்கிட்டுவிடுகிறார்கள். ஆகவே உங்கள் வண்டியில் அது இன்னும் இருக்கிறதா, முன்பிருந்தவர் அதை ஒதுக்கிவிட்டு நேராக ஒயர் போட்டிருக்கிறாரா என்று கண்ணால் பார்த்துவிட்டுப் பிறகு கணக்குப் போடுங்கள்.

மூன்றாம் படி: எர்த் மாறினால் காயிலும் திரும்ப வேண்டும்

ஆல்டர்னேட்டர்கள் பெரும்பாலும் நெகட்டிவ் எர்த்துக்காகச் செய்யப்பட்டவை. பாசிட்டிவ் எர்த்தில் அப்படியே மாட்டினால் அதன் டயோடுகள் (மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் பாகங்கள்) நொடியில் போய்விடும். அதனால் 12 வோல்ட் மாற்றம் என்றாலே பேட்டரியைத் திருப்பிப் போடுவதும் சேர்ந்து வருகிறது. இதனால் ஸ்டார்ட்டர் மோட்டார் எதிர்த்திசையில் சுற்றாது, பயப்பட வேண்டாம். அம்மீட்டரின் இரண்டு ஒயர்களை இடம் மாற்றினால்தான் சார்ஜ் ஏறும்போது சரியான பக்கம் சாயும்.

காயிலில் பிளஸ் முனை சாவியிலிருந்து வரும் ஒயருக்கும், மைனஸ் முனை டிஸ்ட்ரிபியூட்டருக்கும் போக வேண்டும். பாசிட்டிவ் எர்த்தில் இது நேர்மாறாக இருந்திருக்கும். லூகாஸ் வகைப் பழைய காயில்களில் பிளஸ், மைனஸ் இல்லாமல் எஸ்டபிள்யூ (சாவிப் பக்கம்), சிபி (பாயிண்ட் பக்கம்) என்று இருக்கும்; பாசிட்டிவ் எர்த்துக்கான அப்படிப்பட்ட காயிலைத் தொடர்ந்து பயன்படுத்துவதானால் அந்த இரண்டு ஒயர்களையும் இடம் மாற்றிக்கொள்ளுங்கள். மாற்ற மறந்தாலும் எஞ்சின் ஓடும், ஆனால் தீப்பொறி பிளக்கின் நடு மின்முனையிலிருந்து உடலுக்குத் தாவுவதற்குப் பதிலாக எதிர்த்திசையில் தாவும். சூடான நடு மின்முனையிலிருந்து எலெக்ட்ரான் எளிதாகக் கிளம்பும். குளிர்ந்த உடலிலிருந்து கிளம்ப அதிக அழுத்தம் வேண்டும். நல்ல காயிலில் இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. காயில் தளரும் நாளில், பாரம் இழுக்கும்போது எஞ்சின் விக்கத் தொடங்கும். முன்முகச் சதுரக் காயிலில் மேலே ஒரே ஒரு முனைதான் இருப்பதால் மாற்ற வழியில்லை. அதை அப்படியே விட்டுவிடலாம்.

நான்காம் படி: பாயிண்ட், கண்டன்சர், கேப், ரோட்டார்

வோல்ட் மாறியதற்காக இவற்றில் எதையும் மாற்றத் தேவையில்லை. 12 வோல்ட் பாயிண்ட், 12 வோல்ட் கண்டன்சர் என்று தனியாகக் கேட்டு அலைய வேண்டாம். பாயிண்ட் திறக்கும் கணத்தில் கண்டன்சர் சந்திப்பது பேட்டரியின் 6 அல்லது 12 வோல்ட்டை அல்ல. காயிலின் முதன்மைச் சுற்று எதிர்த்து உதைக்கும் சில நூறு வோல்ட்டை. அதன் கொள்ளளவு வழக்கமாக 0.2 மைக்ரோஃபாரட் அளவில் இருக்கும், உங்கள் டிஸ்ட்ரிபியூட்டருக்கென்று குறித்த கண்டன்சரே போதும். பழையது நன்றாக வேலை செய்துகொண்டிருந்தால் அதைக் கழற்றாதீர்கள். புதிதாக வரும் மலிவான கண்டன்சர்களைவிடப் பழையது நம்பகமானது என்பது என் கருத்து. புதியது போட்டாலும் பழையதைக் கருவிப்பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள்.

பாயிண்ட் இடைவெளியும் வண்டிக்கு உரியதே, வோல்ட்டுக்கு உரியதல்ல. ஃபோர்டு முன்முக டிஸ்ட்ரிபியூட்டரில் 0.015 அங்குலம், பக்கவாட்டில் 0.025 அங்குலம். ஒன்றின் அளவை மற்றதில் வைத்துவிட்டு நேரம் சரியில்லை என்று புலம்புபவர்கள் உண்டு. புதிய பாயிண்டின் முகத்தில் துருப்பிடிக்காதிருக்க எண்ணெய் பூசியிருப்பார்கள். இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜிலும் எண்ணெய் இருக்கும். இடைவெளி வைத்து முடித்ததும் ஒரு சுத்தமான, வழவழப்பில்லாத தாளைப் பாயிண்டுக்கு இடையில் மூடி இழுத்து, கறை வராத வரை துடைத்துவிடுங்கள். தீப்பொறியே வரவில்லை என்ற புகாரில் கணிசமான பங்கு இந்த எண்ணெய்ப் படலத்தால்தான். பாயிண்டைத் திறக்கும் கேமின் மேல் மிகச் சிறிதளவு கிரீஸ் வையுங்கள். உலர்ந்தால் கேமில் உரசும் தேய்கட்டை தேய்ந்து இடைவெளி குறையும், தீப்பொறி தாமதமாகும்.

கேப்பையும் அதனுள் சுழலும் ரோட்டாரையும் வெடிப்பு, கருப்புக் கோடு இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் மாற்றுங்கள். பிளக்கும் அதன் இடைவெளியும் பழையபடியே இருக்கட்டும். பாயிண்ட் அமைப்புக்குச் செம்புக் கம்பி உள்ள பிளக் ஒயர் சிறந்தது.

எலெக்ட்ரானிக் மாட்யூல் வாங்கலாமா?

பாயிண்டை எடுத்துவிட்டு, காந்த வளையத்தால் இயங்கும் சிறிய மாட்யூலை வைக்கும் செட்டுகள் பல வண்டிகளுக்குக் கிடைக்கின்றன. வாங்கும்போது வோல்ட், எர்த் இரண்டும் உங்கள் புதிய அமைப்போடு பொருந்த வேண்டும். 6 வோல்ட் பாசிட்டிவ் எர்த்துக்கான மாட்யூல் இங்கே ஒரு நொடியில் போய்விடும். அதன் மின் ஒயரை ரெசிஸ்டருக்கு முன்னால், முழு 12 வோல்ட் வரும் இடத்திலிருந்து எடுக்க வேண்டும். காயிலின் ஓம், உற்பத்தியாளர் குறிப்பிடும் குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போகக் கூடாது. 4 சிலிண்டருக்கு அது பெரும்பாலும் 3 ஓம் அளவில் இருக்கும். செம்புக் கம்பி ஒயருக்குப் பதிலாக, மின் இரைச்சலை அடக்கும் கார்பன் அல்லது சுருள் வகை ஒயர் போட வேண்டும், இல்லையென்றால் மாட்யூல் தடுமாறும்.

இவற்றையெல்லாம் செய்தால் நன்றாகவே ஓடும். ஆனாலும் புதிதாகக் கற்பவர் முதல் வருடம் பாயிண்டோடு ஓட்டுவதுதான் நல்லது என்பேன். பாயிண்ட் தளர்ந்தால் முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் தளரும், வயல் நடுவில் ஒரு சிறு அரத்தால் தேய்த்து வீடு வந்து சேரலாம். மாட்யூல் போனால் போனதுதான்.

ஐந்தாம் படி: சாவியை அணைத்தும் நிற்காத எஞ்சின்

மூன்று ஒயர் ஆல்டர்னேட்டர், குறிப்பாக டெல்கோ 10எஸ்ஐ வகை, மாட்டியவர்களுக்கு இது வரும். ஆல்டர்னேட்டரைக் கிளப்பிவிட, சாவியிலிருந்து ஒரு ஒயர் அதன் 1ஆம் முனைக்குப் போகும். அந்த ஒயர் காயிலோடு ஒரே இடத்தில் சேர்வதால், சாவியை அணைத்த பின்னும் ஆல்டர்னேட்டரிலிருந்து பின்வழியாக மின்சாரம் வந்து காயிலை ஊட்டிக்கொண்டே இருக்கும், எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும். அந்த ஒயரில் ஒரு டயோடைச் சேர்த்துவிட்டால் தீர்ந்தது. அதன் மேல் இருக்கும் கோடு ஆல்டர்னேட்டர் பக்கம் இருக்க வேண்டும். சார்ஜ் விளக்கு ஒன்றை வரிசையில் போடுவதும் அதே வேலையைச் செய்யும். ஒற்றை ஒயர் ஆல்டர்னேட்டரில் இந்தத் தொல்லை இல்லை, ஆனால் சார்ஜ் தொடங்க எஞ்சினை ஒருமுறை முறுக்கிவிட வேண்டியிருக்கும்.

பொருத்திய பின் சோதனை

ரெசிஸ்டர் போட்டவர்கள் காயிலின் உள்வரும் முனையில் வோல்ட்மீட்டர் வைத்து, 12 வோல்ட் முழுதாகக் காட்டுவதைப் பார்த்து ரெசிஸ்டர் வேலை செய்யவில்லை என்று முடிவுகட்டிவிடுவார்கள். பாயிண்ட் திறந்திருந்தால் சுற்றில் மின்னோட்டமே இல்லை. மின்னோட்டம் இல்லாமல் ரெசிஸ்டரில் வோல்ட் குறையாது. எஞ்சினைச் சிறிது திருப்பி, பாயிண்ட் மூடிய நிலையில் மறுபடி பாருங்கள்: 1.5 ஓம் காயிலும் 1.5 ஓம் ரெசிஸ்டரும் இருந்தால் ஏறத்தாழ 6 வோல்ட் காட்டும். அளந்ததும் உடனே சாவியை அணைத்துவிடுங்கள். பாயிண்ட் மூடி, எஞ்சின் நின்று, சாவி மட்டும் போட்டிருக்கும் நிலைதான் காயிலுக்கு மிகக் கொடியது. விளக்கு வேலைக்காகச் சாவியை நெடுநேரம் போட்டுவைக்க வேண்டியிருந்தால் காயில் ஒயரைக் கழற்றிவிட்டுச் செய்யுங்கள்.

எஞ்சினை அரை மணி நேரம் பாரத்தோடு ஓட்டி நிறுத்தியதும் காயிலைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருக்கலாம், கை வைக்க முடியாதபடி சுடக் கூடாது. ரெசிஸ்டரைத் தொடாதீர்கள், அது சுடத்தான் செய்யும். சில மணி நேர வேலைக்குப் பிறகு கேப்பைத் திறந்து பாயிண்டின் முகத்தைப் பாருங்கள்: சாம்பல் நிறத்தில் மங்கலாக இருந்தால் எல்லாம் சரி. நீலமாகவோ கருப்பாகவோ இருந்தால் மின்னோட்டம் அதிகம், காயிலின் ஓமையும் ரெசிஸ்டரையும் மறுபடி அளக்க வேண்டும். ஒரு பக்கம் குழியும் மறுபக்கம் மேடுமாக இருந்தால் கண்டன்சரை மாற்றுங்கள்.